அதே மருந்து உங்களுக்கு வேண்டாம், உங்கள் மகனுக்கு வேண்டும்

33 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

எட்டு மாதங்களுக்கு முன் இவருடைய இடுப்பில், உள்ளாடை இறுகும் இடத்தில், சிறிய வட்டம் ஒன்று வந்திருக்கிறது. தாங்க முடியாத அரிப்பு. மருந்துக்கடையில் சொல்லி ஒரு கிரீம் வாங்கிப் போட்டார். மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. நிறுத்தினார், பத்து நாளில் திரும்ப வந்தது, முன்பைவிடப் பெரிதாக. மறுபடியும் அதே கிரீம். இப்படியே டியூப் டியூபாகத் தீர்ந்து, இன்று தொடையிடுக்கு, அடிவயிறு, பின்புறம் என்று பரவிவிட்டது. கணவருக்கும் வந்துவிட்டது. தொடையின் உள்பக்கம் பிரசவத் தழும்பு மாதிரி சிவந்த வரிகள் தெரிகின்றன என்கிறார்.

இரண்டாவது பிரச்சினை முகம். கன்னங்களில் மங்கு. நாத்தனார் பரிந்துரைத்த ஒரு கிரீமை நான்கு மாதமாகத் தினமும் இரவில் போடுகிறார். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது வெயில் பட்டால் எரிகிறது, சின்னச் சின்னப் பருக்கள் கிளம்புகின்றன, ஒரு நாள் போடாமல் விட்டால் முகமே தகிக்கிறது.

மூன்றாவது, ஐந்து வயது மகன். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் கரப்பான். இரவெல்லாம் சொறிகிறான். தோல் மருத்துவர் ஒருவர் மொமெட்டசோன் களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் இவர் பயந்து, டியூபைத் திறக்கவே இல்லை. போதாததற்குப் பையனின் கன்னத்தில் வெளிறிய திட்டுகள் வந்திருக்கின்றன. "வெண்புள்ளியாக இருக்குமோ என்று நினைத்து நினைத்து அழுகிறேன். எங்கள் ரத்தமே கெட்டுப்போய்விட்டதா டாக்டர்?" என்று கேட்கிறார். கடைசி வரியில், அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருப்பதாகவும் சொல்கிறார்.

தான் போட்ட இரண்டு கிரீம்களின் அட்டையையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அது மிகவும் உதவியாக இருந்தது.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ரத்தம். உங்கள் யாருடைய ரத்தமும் கெட்டுப்போகவில்லை. இடுப்பில் இருப்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பூஞ்சை. முகத்தில் இருப்பது நிறமியின் கோளாறும், அதன் மேல் கிரீம் உண்டாக்கிய கோளாறும். மகனுக்கு இருப்பது பிறவியிலேயே தோலின் தடுப்புச்சுவர் கொஞ்சம் பலவீனமாக அமைந்ததால் வருவது. மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லை. ரத்தத்தைச் சுத்தப்படுத்துகிறேன் என்று யாராவது ஏதாவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்றையும் இணைக்கிற ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படங்களில், இடுப்புக்குப் போட்ட கிரீமில் குளோபீட்டசால் இருக்கிறது. கூடவே ஒரு பூஞ்சைக் கொல்லியும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும். முகத்துக்குப் போட்டதில் நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். குளோபீட்டசாலும் மொமெட்டசோனும் ஸ்டீராய்டுகள். அதாவது, எந்த மருந்துக்குப் பயந்து மகனின் டியூபைத் திறக்காமல் வைத்திருக்கிறீர்களோ, அதையேதான் நான்கு மாதமாக உங்கள் முகத்தில் தடவி வருகிறீர்கள். அதைவிடப் பல மடங்கு வீரியமானதை எட்டு மாதமாக இடுப்பில் தடவியிருக்கிறீர்கள்.

இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் உங்களுக்கு விளக்கவில்லை. போட்ட மூன்றாம் நாளே அரிப்பு நிற்கிற மருந்தை யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஸ்டீராய்டு நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த நோய்க்கு, உடம்பில் எந்த இடத்தில், எத்தனை நாள் என்ற மூன்றையும் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். இடுப்பில் நீங்கள் அதைப் போட்டிருக்கவே கூடாது. முகத்தில் மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் போட்டு நிறுத்தியிருக்க வேண்டும். அது உண்மையிலேயே தேவைப்படுகிறவன் உங்கள் மகன், அவனுக்குத்தான் கிடைக்கவில்லை.

கடிதத்தையும் படத்தையும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழே எழுதுவது, நீங்கள் தோல் மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும், என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்காக.

இடுப்பில் இருப்பது: படர்தாமரை, ஆனால் உருமாறிய படர்தாமரை

படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகள் தோலின் மேல்பரப்பிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. நடுவில் தின்றுவிட்டு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போகும். அதனால்தான் நடுப்பகுதி ஆறினாற்போலவும், ஓரம் சிவந்து, தடித்து, செதிலோடும் தெரிகிறது. அந்தச் சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து உங்கள் உடம்பு நடத்தும் போராட்டத்தின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை நிறுத்திவிடுகிறது. அரிப்பு அடங்குகிறது, சிவப்பு மங்குகிறது, உங்களுக்கு நிம்மதி. எதிர்ப்பே இல்லாத இடத்தில் பூஞ்சை தாராளமாகப் பரவுகிறது. கிரீமை நிறுத்தியதும் உடம்பு விழித்துக்கொள்கிறது. அப்போது எதிர்க்க வேண்டிய பரப்பு முன்பைவிடப் பெரிது.

அதே கிரீமில் பூஞ்சைக் கொல்லியும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அரிப்பு அடங்கியதும் நிறுத்திவிடுவதால் அது வேலையை முடிப்பதே இல்லை. மூன்று நோய்க்கு மூன்று மருந்தை ஒரே டியூபில் கலந்து போட்டால் ஏதாவது ஒன்று பிடித்துவிடும் என்கிற எண்ணம் தோல் நோய்களில் பெரிய கெடுதல் செய்கிறது. இப்படி ஸ்டீராய்டால் அடையாளம் மாறிப்போன படர்தாமரையில் ஓரம் தெளிவில்லாமல் போகும், வட்டத்துக்குள் வட்டம் வரும், சில சமயம் பரு போன்ற கொப்புளங்களும் வரும். அனுபவமுள்ள மருத்துவரே வேறு நோய் என்று நினைக்கக்கூடிய நிலை அது. ஆகவே இதுவரை என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காலி டியூப் இருந்தால் எடுத்துக்கொண்டே போங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை செய்வார்கள். வட்டத்தின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டினால் மாவு போலச் செதில் உதிரும். வலிக்காது. அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டுச் சிறிது நேரம் காத்திருப்பார்கள். தோல் செல்கள் கரைந்து தெளிந்துவிடும், பூஞ்சை கரையாது. நுண்ணோக்கியில் பார்த்தால், கிளை பிரிந்து, நடுநடுவே குறுக்குச் சுவர் வைத்த மெல்லிய இழைகளாக அது தெரியும். சில நிமிடங்களில் பதில் கிடைத்துவிடும். பூஞ்சைக் கொல்லி போட்டுக்கொண்டே போனால் இந்தச் சோதனை தவறாக 'இல்லை' என்று காட்டக்கூடும். அதனால் எத்தனை நாள் முன்பு நிறுத்தலாம் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சையில் உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றிரண்டு வட்டம் மட்டும் என்றால் ஸ்டீராய்டு கலக்காத, பூஞ்சைக் கொல்லி மட்டுமுள்ள கிரீம் போதும். அதை வட்டத்தின் மேல் மட்டும் தடவாமல், ஓரத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். உங்களைப் போல நான்கு இடங்களில் பரவி, மாதக்கணக்கில் ஸ்டீராய்டும் பட்டிருந்தால் பெரும்பாலும் மாத்திரையும் தேவைப்படும்: டெர்பினாஃபைன் அல்லது இட்ராகோனசோல், பல சமயம் நான்கிலிருந்து எட்டு வாரம் வரை. ஈரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரைகள் சிக்கல் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை கேட்கக்கூடும். இட்ராகோனசோல் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும் சேராது. நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொடுத்துவிடுங்கள்.

டெர்பினாஃபைனுக்கு அடங்காத ஒரு பூஞ்சை இப்போது பல நாடுகளில் பரவியிருக்கிறது. 2020இல் அதற்கு ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் குறையவில்லை என்றால் மருத்துவர் மாத்திரையை மாற்றுவார், பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை கேட்பார். அந்த நேரத்தில் மனம் வெறுத்துப் பழைய டியூபுக்குத் திரும்பிவிடாதீர்கள். அப்புறம் இன்னொன்று: பழைய கிரீமை நிறுத்திய முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். அரிப்பு கூடும், சிவப்பு கூடும். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவார்கள் நிறையப் பேர். அரிப்பைத் தணிக்கத் தனி மாத்திரை உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவருக்கும் அதே நாளில் சிகிச்சை தொடங்க வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு தனித்தனியாக இருக்கட்டும். துணி தாங்குமானால் வெந்நீரில் துவைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு உடுத்துங்கள். குளித்ததும் இடுக்குகளை ஒற்றி ஈரம் போகத் துடையுங்கள். ஆன்டிசெப்டிக் சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் பூஞ்சை சாகாது, தோல்தான் புண்ணாகும்.

தொடையில் தெரியும் சிவந்த வரிகள் ஸ்டீராய்டால் தோல் மெலிந்து உள்ளே கிழிந்ததன் தழும்புகள். சிவப்பு காலப்போக்கில் மங்கி வெளிறும். ஆனால் முழுதாக மறையாது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது, இல்லையென்றால் அதை மறைய வைக்கிறோம் என்று இன்னொரு கிரீம் உங்கள் கைக்கு வரும்.

முகம்

ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்க்கும் முறை 1975இல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்டது. மங்குக்கு அது இன்றும் பலன் தரும் மருந்துதான். நாத்தனார் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது சுமார் எட்டு வாரம் போட்டு நிறுத்தி, பிறகு மென்மையான மருந்துக்கு மாற வேண்டிய ஒன்று. அந்தக் கலவைக்கென்று முகத்துக்கு ஏற்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டுகளும் உண்டு; உங்கள் டியூபில் இருப்பது அதைவிட வீரியமானது.

முகத்தோல் மெல்லியது. ஒரே ஸ்டீராய்டு எந்த இடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று 1967இல் ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற இருவர் அளந்து பார்த்தார்கள். முன்கையில் போவதை 1 என்று வைத்தால் நெற்றியில் 6, தாடையோரத்தில் 13, ஆணின் விதைப்பையில் 42. உள்ளங்காலில் 1இல் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. முகத்திலும் இடுக்கிலும் நாங்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறோம் என்பது இந்த எண்களிலேயே தெரியும். உங்கள் கணவரும் உங்கள் டியூபையே பயன்படுத்தினாரா என்று கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் எரிச்சல், பருக்கள், ஒரு நாள் விட்டால் வரும் தகிப்பு எல்லாம் முகம் ஸ்டீராய்டுக்குப் பழகிவிட்டதைக் காட்டுகின்றன. நிறுத்துவதில் இரண்டு வழிகள் உண்டு. பாதிப்பு லேசாக இருந்தால் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோடு தாக்குப்பிடிக்கலாம். தகிப்பு அதிகமாக இருந்தால், வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு இறக்கி, நாள் இடைவெளி விட்டு விட்டு நிறுத்தி, அந்த இடத்தில் டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பைக் கொடுப்பார்கள். நான்கு மாதம் தினமும் போட்டிருப்பதால் உங்களுக்கு இரண்டாவது வழி பொருந்தும் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்யட்டும். சந்திப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எதுவானாலும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், முகம் இப்போது இருப்பதைவிடச் சிவந்துதான் தெரியும். அந்த நாட்களில் கண்ணாடியைப் பார்த்துக் கலங்கிப் பழைய கிரீமை எடுத்தால், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

முகம் அடங்கும் வரை மங்குக்கு ஒரே ஒரு மருந்துதான்: சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30க்கு மேல் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதுமான அளவு. பெரும்பாலானவர்கள் அதில் பாதிகூடப் போடுவதில்லை. மங்கைப் புறஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கூட்டும். அதைத் தடுப்பதற்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் நல்லது. பிறகு அசெலாயிக் அமிலம் போன்றவற்றுக்குப் போகலாம். மங்கு குறையும், மங்கும். வெயில் பட்டால் திரும்பியும் வரும். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் ஏமாற்றம் குறையும். ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு அதே இடத்தில் சாம்பல் கலந்த நீலக் கருமை வந்து நிலைத்துவிடுவதும் உண்டு.

மகனுக்கு வந்திருப்பதும், திறக்காத டியூபும்

நான் அதிகம் கவலைப்படுவது இவனைப் பற்றித்தான். ஐந்து வயதுப் பிள்ளை இரவில் தூங்கவில்லை என்றால் பகலில் எரிச்சல், படிப்பில் கவனமின்மை, பசியின்மை என்று எல்லாம் தொடரும். சொறிந்து சொறிந்து தோல் தடித்துக் கறுத்துப்போகும். சொறிந்த புண்ணில் கிருமி புகும். டியூபைத் திறக்காமல் இருப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை என்று நினைக்கிறீர்கள். இருக்கிறது.

முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் வரும் கரப்பானில் தோலின் தடுப்புச்சுவர்தான் அடிப்படைக் கோளாறு. ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் பிசகு இருந்தால் இந்தக் கரப்பான் வர வாய்ப்பு அதிகம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். சுவரில் விரிசல் விட்ட வீடு மாதிரி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடுகிறது. வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் உள்ளே வந்து உறுத்துகின்றன. இது பரம்பரையா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்கு ஆமாம். ஆஸ்துமா, தும்மல் ஒவ்வாமை உள்ள குடும்பங்களில் அதிகம் வரும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. வளர வளர நிறையப் பிள்ளைகளுக்குக் குறைந்துவிடும்.

சிகிச்சையில் பாதி மாய்ஸ்சரைசர். ஒரு சொட்டு எடுத்து அங்கங்கே வைப்பதில்லை. உடம்பு முழுக்க, தினமும் இரண்டு வேளை. இந்த வயதுப் பிள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராம் வரை செலவாகும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் தடவிவிடுங்கள்.

அடுத்த பாதி அந்த ஸ்டீராய்டு. 1952இல் சுல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு தோல் மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தோலில் தடவிப் பலன் கண்டதை வெளியிட்டார்கள். அன்றிலிருந்து கரப்பானுக்கு இதுதான் முதல் மருந்து. இத்தனை வருட அனுபவம் உள்ள மருந்து என்பதால்தான் அதன் நல்லதும் கெட்டதும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். அளவு மட்டும் புரிந்தால் உங்கள் பயம் பாதி போய்விடும். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு அது போதும். மகனின் இரண்டு முழங்கை மடிப்புக்கும் சேர்த்து இதில் பாதிகூடத் தேவைப்படாமல் இருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு முறை, சிவந்து சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் மட்டும். தடவிப் பார்த்தால் வழவழப்பாக ஆகும் வரை, அதாவது ஒன்று அல்லது இரண்டு வாரம். அதற்குள் அடங்கவில்லை என்றால் திரும்பவும் காட்டுங்கள். அடிக்கடி திரும்ப வந்தால், அடங்கிய பிறகும் வாரம் இரண்டு நாள் மட்டும் அதே இடத்தில் போடும் முறையைச் சொல்வார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டாக்ரோலிமஸும் உண்டு. இந்த அளவில், இந்த இடத்தில், இத்தனை நாள் போடுவதால் தோல் மெலிந்துவிடாது. எட்டு மாதம் குளோபீட்டசால் போட்ட உங்கள் தொடையை வைத்து அவன் முழங்கையைக் கணக்குப் போடாதீர்கள்.

பொதுவாக உணவில் எதையும் நிறுத்த வேண்டாம். ஏதாவது சாப்பிட்ட உடனே உதடு வீங்குகிறது, உடம்பு தடிக்கிறது என்றால் அது வேறு விஷயம். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணமில்லாமல் பால், முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் வளரும் பிள்ளை மெலிவதுதான் மிச்சம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். கரப்பான் உள்ள இடத்தில் திடீரென்று ஒரே மாதிரியான சின்னக் கொப்புளங்கள், துளைத்தெடுத்தாற்போன்ற புண்கள், வலி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது ஹெர்ப்பீஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதன் மேல் ஸ்டீராய்டு தடவக் கூடாது. மஞ்சள் நிறத்தில் பொருக்குக் கட்டிச் சீழ் வைத்தால் பாக்டீரியா தொற்று. அதற்கும் தனி மருந்து வேண்டும்.

கன்னத்துத் திட்டு: நீங்கள் எழுதியிருப்பது போல ஓரம் தெளிவில்லாமல், வெளிறி, மேலே மெல்லிய செதிலோடு இருந்தால் அது கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு வரும் சாதாரணத் திட்டு. வெயிலில் சுற்றுத்தோல் கறுக்கும்போது இன்னும் எடுப்பாகத் தெரியும். மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போதும், முழுதாக நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். முழங்கைக்கு எழுதிய களிம்பைக் கன்னத்தில் போடாதீர்கள். வெண்புள்ளி என்றால் பால் போன்ற வெள்ளையாக, ஓரம் கோடு போட்டாற்போல இருக்கும், செதில் இருக்காது. உட்ஸ் விளக்கு என்ற புறஊதா விளக்கின் ஒளியில் பளிச்சென்று ஒளிரும். அப்படியே இருந்தாலும் அதற்கும் சிகிச்சை உண்டு, அது தொற்றும் நோயும் அல்ல. பெரியவரோ சிறியவரோ, வெளிறிய திட்டில் தொடு உணர்வு குறைந்திருந்தால் மட்டும் தொழுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பல மருந்துக் கூட்டுச் சிகிச்சையால் அது முழுதாகக் குணமாகும். அந்த மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் 1995இலிருந்து இலவசமாகத் தருகிறது.

மகன் உங்களோடு ஒரே படுக்கையில் படுக்கிறானா? அவனுக்கும் படர்தாமரை ஒட்டக்கூடும். உடம்பில் வட்டம் வந்தாலோ, தலையில் ஒரு இடத்தில் முடி உதிர்ந்து செதில் தெரிந்தாலோ அவனுடைய ஸ்டீராய்டை அதில் போட்டுவிடாதீர்கள், உங்கள் பழைய டியூபையும் போடாதீர்கள். தலையில் வரும் படர்தாமரை கிரீமில் தீராது, உள்ளுக்கு மருந்து வேண்டும்.

அட்டையில் என்ன பார்ப்பது

குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன்: இவை ஸ்டீராய்டுகள். குளோட்ரிமசோல், லூலிகோனசோல், கீட்டோகோனசோல், டெர்பினாஃபைன்: இவை பூஞ்சைக் கொல்லிகள். குளோபீட்டசாலும் குளோட்ரிமசோலும் காதில் ஒன்று போலவே விழும். வேலையோ நேர் எதிர். வாயால் சொல்லி வாங்காமல் சீட்டைக் காட்டி வாங்குங்கள். எந்தக் கிரீம் எழுதினாலும் "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, எந்த இடத்தில், எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

அடுத்த குழந்தை

இதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன பாதி மருந்துகளை இது மாற்றிவிடும். இட்ராகோனசோல் சாப்பிடும் போதும், முடித்த பிறகு இரண்டு மாதம் வரையும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டெர்பினாஃபைன் மாத்திரையையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கிறோம். ட்ரெட்டினாயினும் ஹைட்ரோகுயினோனும் கர்ப்பத்தில் வேண்டாம்.

ஆகவே உங்கள் முன்னால் இரண்டு வழிகள். சில மாதம் தள்ளிப்போட்டு, படர்தாமரையை மாத்திரையோடு முழுதாக முடித்துவிட்டு முயற்சி செய்வது ஒன்று. தள்ளிப்போட முடியாது என்றால், குளோட்ரிமசோல் போன்ற கர்ப்பத்திலும் போடக்கூடிய கிரீமை மட்டும் வைத்துச் சமாளிப்பது இன்னொன்று; உங்களுக்குப் பரவியிருக்கும் அளவுக்கு அது மெதுவாகத்தான் வேலை செய்யும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வயதும் உடல்நிலையும் இடம் கொடுத்தால் முதல் வழிதான் நல்லது என்பது என் கருத்து. முடிவு உங்கள் இருவருடையது.

தள்ளிப்போடுவதென்றால் அதற்குக் கருத்தடை மாத்திரை சாப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹார்மோன் மாத்திரை மங்கை அதிகமாக்கும். ஆணுறையோ கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் இல்லாத காப்பர் சாதனமோ உங்களுக்குப் பொருந்தும். கர்ப்பமும் மங்கைக் கொஞ்சம் கூட்டத்தான் செய்யும். அந்த மாதங்களில் சன்ஸ்கிரீனும் அசெலாயிக் அமிலமும் போதும். மீதியைப் பிரசவத்துக்கும் தாய்ப்பால் நிறுத்தியதற்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரமே இரண்டு டியூப்களையும் எடுத்துக்கொண்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். மகனுடைய களிம்பு காலாவதி ஆகவில்லை என்று தேதியைப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, இன்றிரவே தொடங்குங்கள்.